கை, கால், தலை

தொழுநோயாளிகளைப் பற்றிய ஒரு படத்தை அழகான படம் என்று சொல்லலாமா? ரொம்ப நாளாக இந்தக் கேள்வி என்னை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது. படம், ஈரானியக் கவிஞர் ஃபொரூக் ஃபரோக்சாத் 1962இல் எடுத்த ‘வீடு கறுப்பு’. 22 நிமிடம், கறுப்பு வெள்ளை, தப்ரீஸ் நகரத்துக்குப் பக்கத்தில் பாபாபாகி என்ற தொழுநோயாளர் குடியிருப்பில் எடுத்தது. பார்த்தவர்கள் எல்லாரும் கடைசியில் ஒரே சொல்லுக்குத்தான் வந்து சேர்கிறார்கள்: கவிதை. நானும் அதைத்தான் சொல்லிவந்திருக்கிறேன். சொல்லி முடித்ததும் ஏதோ ஒன்று உறுத்தும். விரல்கள் போன கையையும் மூக்கு அமுங்கிப்போன முகத்தையும் பார்த்துவிட்டு எழுந்து வந்து ‘என்ன அழகு’ என்கிறோமே, அந்த அழகு யாருடையது, யாருக்குப் போய்ச் சேர்கிறது?

இதற்கு எளிதாக ஒரு பதில் சொல்லிவிடலாம். நாம் பார்க்க மறுப்பதை அந்தப் படம் பார்க்க வைக்கிறது, மனசாட்சியைத் தொடுகிறது, அந்த நேர்மைதான் அதன் அழகு என்று. ஆனால் மனசாட்சியைத் தொடும் படங்கள் நிறைய இருக்கின்றன. அவற்றைப் பார்த்துவிட்டுக் கனத்த மனதோடு எழுந்து போவோம், மறுபடி பார்க்க மாட்டோம், ஒரு தடவை பார்த்ததே கடமை முடிந்த மாதிரி இருக்கும். இந்தப் படத்திடம் நான் திரும்பத் திரும்பப் போகிறேன். பாட்டைத் திரும்பக் கேட்கிற ஆசையோடு போகிறேன். தொழுநோய் விடுதியைப் பற்றிய படத்துக்கு அப்படிப் போவது சரியா என்று எனக்குள் ஒரு குரல் கேட்டுக்கொண்டே இருப்பதால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் பிரதியைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஃபொரூக்கின் கவிதைகளைப் படித்த பலருக்கும் இந்தப் படம் நெடுங்காலம் ஒரு பெயராக மட்டுமே இருந்தது. கிடைத்ததெல்லாம் நகலின் நகல்: வெளிறிப்போய், கோடு விழுந்து, முகங்களின் விளிம்பு வெள்ளையில் கரைந்து, சப்டைட்டில் பாதி வெட்டுப்பட்டு. நானும் அப்படித்தான் முதலில் பார்த்தேன். 2019இல் இத்தாலியின் பொலோன்யா திரைப்படக் காப்பகம் படத்தை மீட்டெடுத்தது. அந்தப் பிரதியைப் பார்த்த பிறகுதான் பழைய பிரதி எனக்கு என்ன செய்துகொண்டிருந்தது என்று தெரிந்தது. அந்த மங்கல் என்னைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது. தோலின் விவரம் தெரியாதபோது, கண்ணின் வெண்படலம் சும்மா ஒரு வெள்ளைத் திட்டாக நிற்கும்போது, எல்லாமே கனவு மாதிரி இருக்கும், கனவு மாதிரி இருப்பதைக் கவிதை என்று சொல்லிவிடுவது ரொம்பச் சுலபம். புதிய பிரதியில் அந்த வசதி கிடையாது. தோலின் ஒவ்வொரு மடிப்பும் தெரிகிறது, தொடக்கத்தில் கண்ணாடி பார்க்கும் பெண்ணின் முக்காட்டில் இருக்கும் பூக்களும் தெரிகின்றன. அப்படியும் படம் இன்னும் அழகாகத்தான் இருந்தது. அதாவது, அழகு அந்த மங்கலில் இருக்கவில்லை.

இரண்டு குரல்கள்

படம் இருட்டில் தொடங்குகிறது. திரையில் எதுவும் இல்லை, ஓர் ஆணின் குரல் மட்டும். உலகத்தில் அவலட்சணத்துக்குக் குறைவில்லை, மனிதன் அதற்குக் கண்ணை மூடிக்கொண்டால் அது இன்னும் பெருகும் என்கிற பொருளில் பேசுகிறது. இந்தத் திரையில் ஓர் அவலட்சணத்தின் படத்தைப் பார்க்கப் போகிறீர்கள், இதைத் துடைத்து இவர்களின் வலியைத் தீர்க்க வேண்டும் என்பதுதான் எடுத்தவர்களின் நம்பிக்கை என்று சொல்லி முடிக்கிறது. பேசுபவர் இப்ராஹிம் கொலெஸ்தான், படத்தின் தயாரிப்பாளர். தொழுநோயாளர்களுக்கு உதவும் சங்கம் ஒன்று அவருடைய ஸ்டுடியோவிடம் கேட்டதால் எடுத்த படம் இது. நிதி திரட்டவும் விழிப்புணர்வுக்கும் எடுக்கிற, நாமெல்லாம் பார்த்துப் பழகிய வகைப் படமாகவே இது போயிருக்கலாம். தொடக்கமும் அப்படித்தான் இருக்கிறது.

அப்புறம் முதல் காட்சி. ஒரு பெண் கண்ணாடி பார்க்கிறாள். பாதி முகத்தை முக்காடு மறைத்திருக்கிறது, நோய் தின்ற மீதி முகம் கண்ணாடியில் தெரிகிறது, கேமரா மெதுவாக அதை நெருங்குகிறது. எனக்கு இந்த இடத்தில் பிடித்தது, நாம் அவளைப் பார்ப்பதற்கு முன்பே அவள் தன்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்பது. நம்மிடம் இரக்கம் கேட்டு அவள் நம் பக்கம் திரும்பவில்லை. வீட்டில் எந்தப் பெண்ணும் செய்கிற காரியத்தைச் செய்துகொண்டிருக்கிறாள், நாம் அவள் பின்னால் வந்து நிற்கிறோம். அந்த ஆண் குரல் ‘அவலட்சணம்’ என்று சொல்லி முடித்த மறுநொடியில் இந்தப் பெண் கண்ணாடி பார்ப்பதை வைத்தவர், ஃபொரூக். குரலுக்கும் படத்துக்கும் நடுவில் முதல் வெட்டிலேயே ஒரு சின்ன வாக்குவாதம் தொடங்கிவிடுகிறது.

வெட்டுவது அவருக்குத் தெரிந்த வேலை. 1950களின் கடைசியில் கொலெஸ்தானின் ஸ்டுடியோவில் வேலைக்குச் சேர்ந்த ஃபொரூக், அங்கே படத்தொகுப்பைக் கற்றுக்கொண்டார். ஈரானின் அஹ்வாஸ் நகரத்துப் பக்கம் 1958இல் தீப்பிடித்து இரண்டு மாதத்துக்கு மேல் எரிந்த ஓர் எண்ணெய்க் கிணற்றைப் பற்றி ‘ஒரு தீ’ என்று ஒரு படம் உண்டு, 1961இல் வந்தது, அதைத் தொகுத்தவர் அவர்தான். அதற்குள் மூன்று கவிதைத் தொகுப்புகள் வந்துவிட்டன, அவற்றால் கிடைத்த புகழும் வசவும் கூடவே வந்திருந்தன. 1964இல் வந்த ‘மறுபிறப்பு’ தொகுப்பில் அவருடைய கவிதையே வேறாகிவிட்டது என்று வாசகர்கள் சொல்வார்கள். இந்தப் படம் சரியாக அந்த நடுவில் நிற்கிறது. ஒளிப்பதிவாளர் சுலைமான் மினாசியானோடும் ஒரு சின்னக் குழுவோடும் போய், 12 நாளில் எடுத்து முடித்திருக்கிறார்.

ஆணின் குரல் நடுநடுவே வந்து மருத்துவம் சொல்லும். இது நாள்பட்ட தொற்றுநோய், பரம்பரை நோய் அல்ல, குணப்படுத்த முடியாததும் அல்ல, வறுமை இருக்கும் இடத்தில் இது இருக்கும் என்று. நிதானமான, நம்பகமான குரல். இன்னொரு குரல் ஃபொரூக்குடையது. அது எதையும் விளக்குவதில்லை, ஜெபிக்கிறது. ஜெபிப்பது பெரும்பாலும் பைபிளின் பழைய ஏற்பாட்டிலிருந்து: துதிப் பாடல்களான சங்கீதம், துன்பத்தில் கடவுளிடமே வழக்காடிய யோபுவின் புத்தகம், அவற்றோடு அவருடைய சொந்த வரிகளும் கலந்து. நம் ஊரில் சர்ச்சுக்குப் போய் வளர்ந்தவர்களுக்கு இந்த வரிகள் கேட்ட மாதிரியே இருக்கும். ‘பாதாளத்தில் உம்மைத் துதிப்பவன் யார்?’ ‘எனக்குப் புறாவைப்போல் சிறகுகள் இருந்தால்.’ முஸ்லிம்கள் தொழுகிற ஒரு குடியிருப்பில், விரல் மடங்கிய கைகளை அவர்கள் வானத்தை நோக்கி ஏந்தியிருக்கும் இடத்தில், யூதக் கவிஞர்களின் அந்தப் பழைய முறையீடு பாரசீகத்தில் கேட்கிறது. தன்னை இவ்வளவு அதிசயமாகப் படைத்ததற்காகக் கடவுளைத் துதிக்கும் ஒரு சங்கீதம் இருக்கிறதே, அதுவும் வருகிறது. எந்த உடம்புகளின் மேல் அது கேட்கிறது என்று பார்க்கும்போது, நன்றியா வழக்கா என்று பிரிக்க முடியாத ஒன்றாக அது மாறிவிடுகிறது. யோபுவின் புத்தகமே அப்படித்தானே, அவன் உடம்பிலும் உள்ளங்கால் முதல் உச்சந்தலை வரை பருக்கள்தானே.

அந்தக் குரலில் எனக்கு மிகவும் பிடித்த இடத்தில் பைபிளும் இல்லை, கவிதையும் இல்லை. ஒரு மனிதர் சுவரை ஒட்டி நடக்கிறார், கையால் சுவரைத் தொட்டுக்கொண்டே, போகிறார், திரும்பி வருகிறார், மறுபடி போகிறார். ஃபொரூக் கிழமைகளைச் சொல்கிறார். சனி, ஞாயிறு, திங்கள், செவ்வாய், புதன், வியாழன், வெள்ளி. ஈரானில் வாரம் சனிக்கிழமை தொடங்கும். மறுபடி சனி, ஞாயிறு. வேறு ஒன்றும் கிடையாது. அடைபட்ட வாழ்க்கையைப் பற்றி எத்தனை வாக்கியம் எழுதினாலும் இந்த ஏழு சொற்கள் செய்வதைச் செய்யாது என்று நினைக்கிறேன். அந்தச் சொற்களுக்கு வலு வருவது படத்தொகுப்பால்: மனிதர் திரும்பும் இடமும் வாரம் திரும்பும் இடமும் சரியாகப் பொருந்தாமல் ஒன்றின் மேல் ஒன்று கொஞ்சம் நழுவி விழுகின்றன, அதனால் காது அடுத்த சுற்றுக்காகக் காத்திருக்கத் தொடங்குகிறது. காது காத்திருக்கத் தொடங்கியதும் நாம் அந்தச் சுவருக்குள் வந்துவிடுகிறோம்.

வேலூர் பக்கத்தில் வேலை பார்த்தவர்

சில வருடங்களுக்கு முன் நண்பர்கள் சேர்ந்து ஒரு மாடி அறையில் இந்தப் படத்தைப் போட்டோம். வந்தவர்களில் ஒருவர் ஓய்வுபெற்ற லெப்ரஸி இன்ஸ்பெக்டர். நண்பர் ஒருவரின் உறவினர், சினிமாவுக்காக வந்தவர் இல்லை, பேச்சுத்துணைக்கு வந்தவர். வேலை பார்த்த காலமெல்லாம் வேலூர் பக்கத்துக் கிராமங்களில் சைக்கிளில் போய், பள்ளிக்கூடப் பிள்ளைகளைச் சட்டையைக் கழற்றி நிற்கச் சொல்லி, முதுகில் தேமல் இருக்கிறதா, இருந்தால் அங்கே தொட்டால் தெரிகிறதா என்று பார்த்தவர். படம் முடிந்ததும் நாங்கள் வழக்கம்போல ஒளியைப் பற்றியும் மௌனத்தைப் பற்றியும் பேசினோம். அவர் ரொம்ப நேரம் ஒன்றும் சொல்லவில்லை. நான்தான் கேட்டேன், உங்களுக்கு எப்படி சார் இருந்தது என்று.

அவர் முதலில் பேசியதெல்லாம் தொழில். அந்த நர்ஸ் விரலைப் பிடித்து நிமிர்த்துகிறாரே, அது சரியான பயிற்சி என்றார். கண்ணுக்கு மருந்து விடும் காட்சியைச் சொல்லி, இமை மூடும் தசைக்குப் போகும் நரம்பு செத்துப்போனால் கண் மூடாது, தூசி விழுந்தாலும் தெரியாது, அப்படித்தான் பார்வை போகும் என்றார். உள்ளங்காலைச் சுரண்டுவதைப் பார்த்து நாங்கள் எல்லாரும் முகத்தைத் திருப்பிக்கொண்டோம் அல்லவா, அந்த ஆளுக்கு வலித்திருக்காது தம்பி, வலிக்காததுதான் நோயே என்றார். கிருமி விரலைத் தின்பதில்லை, நரம்பைக் கெடுக்கிறது. மரத்துப்போன கை கொதிக்கிற பாத்திரத்தைப் பிடிக்கும், மரத்துப்போன கால் ஆணியின் மேல் நாள் முழுக்க நடக்கும், புண் ஆகும், சீழ் வைக்கும், எலும்பு கரையும். இதை உலகத்துக்குப் புரிய வைத்ததில் வேலூர் மருத்துவர் பால் பிராண்டுக்குப் பெரிய பங்கு உண்டு. 1940களின் கடைசியில் அங்கே அவர் தசைநாணை மாற்றிப் பொருத்தி மடங்கிய விரல்களை நிமிர்த்த ஆரம்பித்தார். படம் எடுத்த காலத்தில் டாப்சோன் என்ற ஒரே மாத்திரையை நம்பித்தான் பெரும்பாலும் வைத்தியம் நடந்தது. மூன்று மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கும் கூட்டு மருந்துச் சிகிச்சை 1980களில்தான் வந்தது.

இதையெல்லாம் கேட்ட பிறகு படத்தில் மருத்துவக் குரல் பேசும் பகுதிகளை நான் வேறு மாதிரி கேட்கிறேன். அதற்கு முன் அவற்றைப் படத்தின் கவிதைக்கு நடுவே வரும் அரசாங்க அறிவிப்பு மாதிரி பொறுத்துக்கொண்டுதான் இருந்தேன். இப்போது அந்தக் குரல் இல்லாவிட்டால் ஃபொரூக்கின் குரல் வெறும் புலம்பலாகப் போயிருக்கும் என்று படுகிறது. ‘இது குணமாகும்’ என்று ஒரு குரல் உறுதியாகச் சொல்லியிருக்கும் படத்தில்தான் ‘பாதாளத்திலிருந்து யார் துதிப்பது’ என்ற கேள்விக்குக் கோபம் வருகிறது. குணமாகிற நோய்க்காக இவர்களை ஏன் பாதாளத்தில் வைத்திருக்கிறீர்கள்? அந்தக் கேள்வியை இரண்டு குரலும் தனியாகக் கேட்கவில்லை, இரண்டையும் அடுத்தடுத்து வைத்த வெட்டு கேட்கிறது.

கடைசியாக அவரிடம், இதை அழகான படம் என்று சொல்கிறோமே, உங்களுக்குத் தப்பாகத் தெரிகிறதா என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்தார். “அழகா இல்லையான்னு எனக்குச் சொல்லத் தெரியல தம்பி. ஆனா அந்தப் பசங்க சிரிச்சாங்க பாத்தீங்களா, அது சரியான சிரிப்பு. எங்க வார்டுலயும் அப்படித்தான் சிரிப்பாங்க. வெளியாள் இருந்தா சிரிக்க மாட்டாங்க.” அப்புறம் கேட்டார், அந்தம்மா அங்கே எத்தனை நாள் இருந்தாங்க? பன்னிரண்டு நாள் என்றேன். “பன்னிரண்டு நாள்ல அவங்க முன்னாடி சிரிச்சிருக்காங்கன்னா நல்ல மனுசிதான்.”

வகுப்பறை

அவர் சொன்ன சிரிப்பு படத்தின் கடைசியில் வரும் வகுப்பறையில் இருக்கிறது. அந்த இடத்தைப் பற்றி எழுதியவர்கள் பெரும்பாலும் கரும்பலகையில் வரும் வாக்கியத்தைப் பற்றித்தான் எழுதுவார்கள். சிரிப்பைப் பற்றி யாரும் பேசி நான் கேட்டதில்லை. அவர் சொன்ன பிறகு சிரிப்புக்காகவே படத்தை மறுபடி போட்டுப் பார்த்தேன். பார்க்கப் பார்க்க, படத்தின் முதுகெலும்பே அந்தச் சிரிப்பில்தான் இருக்கிறது என்று தோன்ற ஆரம்பித்தது.

படத்தில் வகுப்பறை இரண்டு தடவை வருகிறது. முதல் தடவை, தொடக்கத்திலேயே. சிறுவர்கள் பாடப்புத்தகத்திலிருந்து ஒவ்வொருவராக வாசிக்கிறார்கள். கடவுளுக்கு நன்றி சொல்லும் பாடம். என்னைப் படைத்ததற்கு நன்றி, அன்பான தாயையும் தகப்பனையும் கொடுத்ததற்கு நன்றி. ஓடும் நீருக்கும் பழ மரங்களுக்கும் நன்றி. வேலை செய்யக் கை கொடுத்தாய், உலகத்தின் அழகைப் பார்க்கக் கண் கொடுத்தாய், நல்ல பாட்டைக் கேட்கக் காது கொடுத்தாய், விரும்பிய இடத்துக்குப் போகக் கால் கொடுத்தாய். நாடு முழுக்க எல்லாப் பிள்ளைகளும் வாசிக்கும் பாடம் போலத்தான் இருக்கிறது, இவர்களும் வாசிக்கிறார்கள். கேமரா அவர்களின் கைகளையும் கண்களையும் பார்க்கிறது. ஃபொரூக் இங்கே ஒன்றும் சொல்வதில்லை. பாடம் தன் போக்கில் ஓடி முடிகிறது.

அப்புறம் படம் குடியிருப்பைச் சுற்றி வருகிறது. தொழுகை, சாப்பாட்டு வரிசை, வைத்தியம், பந்து விளையாட்டு, தலை வாரும் பெண்கள், மை இடும் பெண், ஒரு கல்யாணம். மரவரிசைக்கு நடுவே தூரத்திலிருந்து ஒருவர் ஊன்றுகோலோடு நம்மை நோக்கி வருகிறார். பிறகு மறுபடி வகுப்பறை. ஆசிரியர் கேட்கிறார்: தாயும் தகப்பனும் இருப்பதற்காக நாம் ஏன் கடவுளுக்கு நன்றி சொல்ல வேண்டும்? நீ சொல். பையன் சொல்கிறான்: எனக்குத் தெரியாது, எனக்கு இரண்டு பேரும் இல்லை. ஆசிரியர் இன்னொருவனைக் கேட்கிறார்: அழகான பொருள்கள் சிலவற்றைச் சொல். நிலா, சூரியன், பூ, விளையாட்டு. அடுத்தவனை: அசிங்கமான பொருள்கள் சிலவற்றைச் சொல். அந்தப் பையன் சொல்கிறான்: கை, கால், தலை. வகுப்பு முழுக்கச் சிரிக்கிறது.

அந்தப் பட்டியலைப் பாருங்கள். கை, கால், தலை. தொடக்கத்தில் வாசித்தார்களே நன்றிப் பாடம், வேலை செய்யக் கை, போவதற்குக் கால், கண்ணும் காதும் இருக்கிற தலை, அதே பட்டியல். கடவுளுக்கு எதற்கெல்லாம் நன்றி சொல்லும்படி புத்தகம் கற்றுக்கொடுத்ததோ, அதையெல்லாம் அந்தப் பையன் எடுத்து அசிங்கத்தின் வரிசையில் வைக்கிறான். மற்ற பையன்களுக்கு உடனே புரிந்துவிடுகிறது. அவர்கள் தாங்களும் வாசித்த பாடம் அது, தங்கள் கையும் காலும்தான் அது. அதனால்தான் சிரிக்கிறார்கள். தன் உடம்பைக் கேவலமாக நினைக்கும் ஒரு பிள்ளையின் சோகமான பதில் என்று மட்டும் இதைப் பார்த்தால் அந்தச் சிரிப்புக்கு இடமே இல்லை. பாடப்புத்தகத்துக்குப் பதில் சொல்லிவிட்டான் ஒருவன் என்று பார்த்தால், வகுப்பில் கெட்டிக்காரப் பையன் வாத்தியாரை மடக்கும்போது எந்த ஊர்ப் பிள்ளைகளும் சிரிக்கும் சிரிப்புதான் அது. இத்தனை நிமிடமாக யோபுவும் சங்கீதமும் கேட்டுக்கொண்டிருந்த அதே கேள்வியை, படைத்தவனிடம் ‘இதற்கா நன்றி?’ என்ற கேள்வியை, ஒரு பையன் மூன்று சொல்லில் கேட்டு எல்லாரையும் சிரிக்கவும் வைத்துவிடுகிறான். அந்த இடத்தில் படத்தின் கவிஞர் அவன்தான்.

இதற்குப் பிறகுதான் ஆசிரியர் பெரிய மாணவர் ஒருவரைக் கூப்பிட்டு, ‘வீடு’ என்ற சொல் வரும்படி ஒரு வாக்கியம் எழுதச் சொல்கிறார். அவர் கரும்பலகைக்கு முன்னால் நின்று யோசிக்கிறார். நடுவில் ஒரு வெட்டு: குடியிருப்பின் மக்கள் கூட்டமாக நம்மை நோக்கி நடந்து வருகிறார்கள், வாயிற்கதவு மூடுகிறது, கதவில் தொழுநோய் விடுதி என்று எழுதியிருக்கிறது. திரும்ப வந்தால் அவர் எழுதுகிறார்: வீடு கறுப்பு. இந்த வாக்கியம் புகழ்பெற்றது, படத்தின் பெயரும் ஆனது, அதன் கனத்தை நான் மறுக்கவில்லை. ஆனாலும் ‘கை, கால், தலை’ என்பதற்குப் பின்னால் அது வருகிறது என்பதைச் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்று நினைக்கிறேன். சிரித்து முடித்த வகுப்புக்குள் அந்த வாக்கியம் வருகிறது. சிரிக்கத் தெரிந்தவர்களைத்தான் உள்ளே வைத்து அந்தக் கதவு மூடுகிறது.

ஒரு சங்கடத்தையும் பேசிவிட வேண்டும். இந்த வகுப்பறை அப்படியே நடந்ததைப் பிடித்த காட்சி மாதிரி தெரியவில்லை. கேட்கும் முகம், பதில் சொல்லும் முகம், சிரிக்கும் முகங்கள் என்று இவ்வளவு துல்லியமாக வெட்டி அடுக்க வேண்டுமென்றால், நிறுத்தி, இடம் மாற்றி, மறுபடி சொல்லச் சொல்லித்தான் எடுத்திருக்க முடியும். தொடக்கப் பாடமும் கடைசிக் கேள்விகளும் இப்படிப் பொருந்துவது தற்செயலும் அல்ல. அப்படியென்றால் பையனின் பதில் ஃபொரூக் எழுதிக்கொடுத்ததா, சிரிப்பு நடிப்பா என்று கேட்கலாம். ஏற்பாடு செய்த காட்சி என்பது எனக்குப் படத்தின் மதிப்பைக் கூட்டுகிறது. ஒளிந்திருந்து எடுத்தால் அவர்கள் வெறும் காட்சிப்பொருள். நீ இதைச் சொல், நீ சிரி, மறுபடி ஒரு தடவை என்று கேட்டு எடுத்தால் அவர்கள் நடிகர்கள், படத்தில் வேலை செய்தவர்கள். தன் கையை அசிங்கம் என்று சொல்லும் ஒரு வரியைத் தானே நடித்துக் காட்ட அந்தப் பையன் சம்மதித்தான் என்றால், சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள் என்றால், அதற்கு முன்னால் அங்கே ஒரு நம்பிக்கை உண்டாகியிருக்க வேண்டும். இன்ஸ்பெக்டர் எத்தனை நாள் என்று கேட்டது அதைத்தான்.

நாட்டைப் பற்றிய படமா

இந்தப் படத்தை மன்னர் ஷாவின் காலத்து ஈரானுக்கு உருவகமாக வாசிப்பவர்கள் உண்டு. மூடிய கதவு, இருண்ட வீடு, வெளியே போக முடியாத மக்கள். வாசிக்க இடம் இருக்கிறது, ஃபொரூக்குக்கும் அந்த எண்ணம் இருந்திருக்கலாம். ஆனால் எனக்கு அந்த வாசிப்பு பிடிப்பதில்லை. அப்படி வாசித்த உடனே நோயாளிகள் காணாமல் போகிறார்கள், அவர்கள் இடத்தில் ‘நாம்’ வந்து உட்கார்ந்துகொள்கிறோம். ஏற்கெனவே எல்லாம் பறிபோனவர்களிடமிருந்து அவர்களுடைய நோயையும் எடுத்து நமக்கு உவமையாக்கிக்கொள்வது நியாயமில்லை. அந்தக் கதவு தப்ரீஸ் பக்கத்தில் உண்மையாக இருந்த கதவு.

கல்யாணக் காட்சியையும் இதனால்தான் முக்கியம் என்கிறேன். பாட்டு, கைதட்டல், ஆட்டம். அதை உருவகமாக்க முடியாது, அது வெறும் கல்யாணம். இந்தியாவில் கணவனுக்கோ மனைவிக்கோ தொழுநோய் என்றால் விவாகரத்து கேட்கலாம் என்று சட்டம் இருந்தது, கூட்டு மருந்து வந்து முப்பது வருடத்துக்கு மேல் ஆன பிறகும் இருந்தது. 2019இல்தான் அதை நீக்கினார்கள். அதே 2019இல்தான் இந்தப் படத்தின் மீட்டெடுத்த பிரதியும் வந்தது. இரண்டுக்கும் தொடர்பு எதுவும் இல்லை, ஆனாலும் என் மனதில் இரண்டும் சேர்ந்தே நிற்கின்றன. நோயாளி கல்யாணம் செய்துகொள்ளலாம், மை இட்டுக்கொள்ளலாம், கண்ணாடி பார்க்கலாம் என்று ஒரு கவிஞர் 1962இல் படத்தொகுப்பு மேசையில் முடிவு செய்துவிட்டார். நம் சட்டம் வந்து சேர அரை நூற்றாண்டுக்கு மேல் ஆகியிருக்கிறது.

படப்பிடிப்பின்போது அங்கே இருந்த நோயாளிகளின் மகன் ஹொசைன் மன்சூரி என்ற சிறுவனை ஃபொரூக் பெற்றோர் சம்மதத்தோடு தெஹ்ரானுக்குக் கூட்டிவந்து தத்தெடுத்துக்கொண்டார். அவருடைய சொந்த மகனை, 1955 விவாகரத்துக்குப் பிறகு, அவரால் தன்னோடு வைத்துக்கொள்ள முடிந்திருக்கவில்லை. 1967 பிப்ரவரியில், 32 வயதில், கார் விபத்தில் இறந்தார். இந்தக் கதையைப் படத்தின் நேர்மைக்குச் சான்றாகச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். உருக்கமான கதைதான். ஆனால் அவர் யாரையும் தத்தெடுக்காமல் திரும்பியிருந்தாலும் இந்தப் படம் இதே படமாகத்தான் இருந்திருக்கும். அதற்கான சான்று படத்துக்குள்ளேயே, வெட்டுகளிலும் அந்தச் சிரிப்பிலும் இருக்கிறது.

ஆக, அழகான படம் என்று இப்போது கூசாமல் சொல்கிறேன். பாதிக்கப்பட்ட உடம்பை அழகாகக் காட்டிய படம் என்ற அர்த்தத்தில் அல்ல. அங்கே இருந்தவர்களின் புத்திசாலித்தனத்துக்கும் வேடிக்கைக்கும் கோபத்துக்கும் இடம் விட்டுத் தாளம் தப்பாமல் கட்டிய படம் என்ற அர்த்தத்தில் சொல்கிறேன். திரையிடுகிறவர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. 22 நிமிடம்தானே என்று ஒரு நீளப் படத்துக்கு முன்னால், எல்லாரும் வந்து சேரும் வரைக்கும் என்று இதைப் போடாதீர்கள். தனியாகப் போடுங்கள், மீட்டெடுத்த பிரதியைப் போடுங்கள். முடிந்ததும் பேச நேரம் கொடுங்கள். பேசி முடித்து இன்னொரு தடவை போடுங்கள், இரண்டாவது தடவை சப்டைட்டிலை எடுத்துவிட்டு. அவர் கிழமைகளைச் சொல்லிக்கொண்டு போவதைப் பாரசீகம் தெரியாத காதும் கண்டுபிடித்துவிடும்.